இலவச வழிகாட்டி மையத்தின் நான்காவது திறப்பு விழா

எங்கள் பொது நூலகத்தின் மாணவர் இலவச வழிகாட்டி மையத்தில் ஒரு புத்தகம் கிழிந்தது, ஒரு நாற்காலி ஆடியது, ஒரு மின்விசிறி நின்றுபோனது என்று யாரும் குறை சொன்னதே கிடையாது. "சேதமில்லா மையம்" என்று மூன்று முறை விருது வாங்கிய இடம் அது. விருதுக்குக் கொடுத்த கேடயங்களைக்கூட உறை பிரிக்காமல்தான் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் தெரியாத காலத்தில், வாசலில் இருந்த பலகையை நம்பி நான் உள்ளே போனேன். "மாணவச் செல்வங்களே, வாருங்கள்! பாடநூல், பழைய வினாத்தாள், தொழில் ஆலோசனை, அனைத்தும் இலவசம்!" என்று போட்டிருந்தது. எழுத்துகளைச் சுற்றிச் சின்ன விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டடத்தில் ஓடியாடி வேலை செய்தது அந்த விளக்குகள் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். நில அளவைப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு, அதற்கான வழிகாட்டி. மஞ்சள் அட்டை, செங்கல் கனம். கடையில் அதன் விலையைக் கேட்டேன். கேட்ட பிறகு, தொட்டுப் பார்த்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பெண் பிள்ளைக்கு நில அளவை எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டுகிறேன் என்று நாங்கள் துணி காயப்போடும் இடத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டார். அம்மா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தரையில் ஓர் ஆணியை அடித்தார். "மதில் இங்கதான் வரணும்" என்றார். தெருவே அஞ்சும் அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் மதிலை இடித்தார். குரலை உயர்த்தாமல் ஜெயிப்பதற்கும் ஒரு தொழில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கு மடிப்பு கலையாமல் பேசத்தான் தெரியும்.

"ஒரு தடவை எழுதிப் பாருடி. இடம் கிடைச்சா படி. கிடைக்கலன்னா வாயை மூடிக்கிட்டு உங்க அத்தான் பாத்து வச்சிருக்கிற செருப்புக் கடைக்குப் போ. இன்னொரு தடவை எழுதறேன்ங்கிற பேச்சே வரக் கூடாது."

அக்காளின் கணவர், அதாவது என் அத்தான், நல்ல மனிதர்தான். "ஏசி கடைம்மா. அளக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா அங்கயும் நாள் பூரா அளக்கலாம், காலை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஆக, மஞ்சள் புத்தகம் கிடைத்தால் நிலம், கிடைக்காவிட்டால் செருப்பு.

மையம் ஒரு பெரிய கண்ணாடி அறை. கதவில் பூட்டு. பக்கத்துச் சுவரில் மூன்று கல்வெட்டுகள். இன்ன தேதியில் நூலகத் துறை இயக்குநர் இன்னார் இம்மையத்தைத் திறந்துவைத்தார் என்று மூன்றிலும் ஒரே வாசகம். நூலகர் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்றாவது தட்டில் என் மஞ்சள் புத்தகம், மற்றவற்றைப் போலவே பிளாஸ்டிக் உறைக்குள், மூச்சுவிடாமல் நின்றது.

"சார், அந்த மஞ்சள் புத்தகம் வேணும்."

"எது, மூணாவது தட்டுல இருக்கிறதா? அருமையான புத்தகம்மா. பாரு, அட்டை எப்படிப் பளபளன்னு இருக்கு! வாங்கி ஆறு வருஷம் ஆச்சுன்னா நம்புவியா?"

"எடுத்துக் குடுங்க சார். இங்கயே உக்காந்து படிச்சிட்டுத் தந்துடறேன்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "மையம் இன்னும் திறக்கலையேம்மா."

"மூணு தடவை திறந்ததா மூணு கல்லு இருக்கே சார்?"

"திறந்தாங்க. இல்லன்னு யாரு சொன்னா? திறந்து வச்சாங்க, கைதட்டினோம், டீ குடிச்சோம், பூட்டினோம். அடுத்த இயக்குநர் வந்தா அவருக்குத் திறக்க ஒரு மையம் வேணாமா? எப்பவும் திறந்தே கிடந்தா அவர் வந்து எதைத் திறப்பாரு, சொல்லு பாப்போம்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

"அதுவும் இல்லாம" என்று குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன். புத்தகம் கெட்டுப்போறதுக்குக் கரையான் காரணம்பாங்க, ஈரம் காரணம்பாங்க. அதெல்லாம் சும்மா. ஒரே காரணம்தான். வாசகர்."

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, மாடியில் தொழில் ஆலோசகர் இருக்கிறார், அவர் சிபாரிசு செய்தால் யோசிக்கலாம் என்று அனுப்பிவைத்தார். ஆலோசகர் அறை வாசலில் "கூட்டம் சேர்க்காதீர்கள்" என்று எழுதியிருந்தது. நான் ஒருத்திதான் நின்றேன். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஓர் ஆள் வந்திருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீ மாணவியாம்மா?"

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டேன் சார். இனிமேதான் காலேஜ்."

"அப்போ சிக்கல்தான். படிச்சு முடிச்சவ மாணவி இல்ல. படிக்கப் போறவளும் இன்னும் மாணவி இல்ல. நடுவுல நிக்கிற உன்னை என்னன்னு சொல்றதுன்னு விதியில இல்லையே." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணு. முதல்ல காலேஜ்ல சேர்ந்து அடையாள அட்டை வாங்கிட்டு வா. காலேஜ்ல சேர்றதுக்கான புத்தகத்தை நான் தர்றேன்."

"சேர்ந்த பிறகு எதுக்கு சார் அது?"

"அதைத்தான் தொழில் ஆலோசனைங்கிறோம்" என்றார் அவர். போகும்போது இலவசமாக ஓர் ஆலோசனையும் சொன்னார். "நீ கதவுக்கு வெளியே இவ்வளவு நேரம் சத்தம் போடாம காத்திருந்தே. உனக்குக் காத்திருக்கிற வேலை ஏதாவது பொருத்தமா இருக்கும்."

வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தவள் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மஞ்சள் முதுகில் இருந்த எழுத்துகளைப் படித்தேன். புத்தகத்தின் பெயர், பதிப்பகத்தின் பெயர்; இலவசமாக அவ்வளவுதான் கிடைத்தது. நூலகர் என் நெற்றித் தடத்தைத் துடைப்பதற்கென்றே பின்னால் வந்து நிற்பார்.

காவலாளி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "தினம் தினம் வந்து கண்ணாடி வழியா பாக்கிறியே, இதென்ன மிருகக்காட்சிசாலையா?" என்றார்.

"இல்லண்ணே. அங்க உள்ள ஏதாவது அசையும்."

அந்தச் சமயத்தில்தான் புதிய இயக்குநர் பதவிக்கு வந்தார். மையத்துக்கு நான்காவது திறப்பு விழா. நேரலை ஒளிபரப்பு வேறு. மேசைகளில் மாணவர்கள் அமர்ந்து படிப்பதுபோல் காட்சி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. மையத்துக்கு மாணவர்களே வந்து பழக்கம் இல்லாததால் எங்கே போய்ப் பிடிப்பது என்று நூலகருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு மாணவி மாதிரி உக்காரத் தெரியுமா?"

கரும்பு தின்னக் கூலியா? சரி என்றேன். வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு பையனையும் பிடித்து உட்காரவைத்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்தே அவன் உட்கார்ந்ததால் எல்லோருக்கும் அவன் "ஹெல்மெட்" ஆனான். தெருவில் போன இன்னும் சில பேரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒத்திகையை நூலகரே நடத்தினார். "புத்தகம் நெஞ்சு உயரத்துல இருக்கணும். தலைப்பு கேமராவுக்குத் தெரியணும். முகத்துல புன்னகை. பக்கம் புரட்டாதீங்க, உறை சத்தம் மைக்ல கேக்கும். முக்கியமா ஒண்ணு, யாரும் படிச்சிடாதீங்க. படிச்சா நெத்தி சுருங்குது, படத்துல நல்லா இருக்காது."

புகைப்படக்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிளாஸ்டிக் வெளிச்சத்துல பளபளக்குது சார். உறையைக் கழட்டணும்."

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். கடைசியில் முன்வரிசை மேசைக்கு நடுவில் ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் உறை நீக்க அனுமதி வந்தது. விழா முடிந்ததும் அதே உறையை மறுபடி போட்டுவிட வேண்டும்.

"அந்த மஞ்சள் அட்டை எடுப்பா இருக்கும் அண்ணே" என்று புகைப்படக்காரரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

"ஆமா, மஞ்சள் நல்லா வரும். அதையே இந்தப் பொண்ணு கையில குடுங்க சார்" என்றார் அவர். நூலகர் ஒரு பிளேடால் உறையை ஓரம் பார்த்துக் கீறி எடுத்தார். முடியெடுத்த குழந்தையைத் தருவதுபோல் புத்தகத்தை என்னிடம் தந்தார். ஆறு வருடம் அடைபட்டிருந்த காகித வாசனை எழுந்தது.

விழா தொடங்கியது. இயக்குநர் நாடாவை வெட்டினார், விளக்கைப் போட்டார், ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் படிச்ச காலத்துல இந்த மாதிரி மையம் கிடையாது. புத்தகம் கிடையாது, ஆலோசகர் கிடையாது. அதனாலதான் இன்னைக்கு நான் இந்த இடத்துல நிக்கிறேன்!" கைதட்டல். "போன மூணு திறப்பு விழாவையும் விட இந்தத் திறப்பு விழாவுக்குக் கூட்டம் அதிகம். மையம் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு இதுலேருந்தே தெரியுது. இலவசம்னா என்ன? யாரும் யாருக்கும் எதுவும் குடுக்க வேண்டியதில்ல, அதுதான் இலவசம். அந்தக் கொள்கையில நாங்க உறுதியா இருக்கோம்!" கைதட்டல்.

நான் கைதட்டவில்லை. புத்தகத்தைப் பிரித்திருந்தேன். முதல் பாடத்தில் முக்கோணத்தின் ஒரு பக்கத்தையும் இரண்டு கோணங்களையும் கொடுத்து, ஆற்றைத் தாண்டாமலே அதன் அகலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். மேசையில் விரலால் படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா படிக்கிறே?" என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. பக்கத்தில் ஹெல்மெட் காலால் என்னை இடித்திருக்கிறான். எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் ஆற்றின் இந்தக் கரையில் நின்றிருந்தேன். நிமிர்ந்தபோது இயக்குநர் என் தலைக்கு மேல் நின்றார். அவர் முகத்துக்கு முன்னால் கேமரா. பின்னால் நூலகர், எந்தப் பக்கம் விழலாம் என்று பார்ப்பவர்போல.

நேரலையில் அவமானப்பட இயக்குநர் தயாராக இல்லை. குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! நான் வந்தது கூடத் தெரியாம படிக்கிறா இந்த மாணவி! இப்போ சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த மாணவி இந்தப் புத்தகத்தைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த மையத்தோட கதவு மூடாது. ராப்பகலா மூடாது. இது என் வாக்கு. கல்லுல செதுக்கி வைங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் துறையில் எந்த உத்தரவும் ஒழுங்காக நிறைவேறியதில்லை. கல் சம்பந்தப்பட்ட உத்தரவு மட்டும் உடனே நிறைவேறும். நான்காவது கல்வெட்டில் அந்த வாக்கு அப்படியே, "மாணவி" என்ற சொல் உட்பட, மறுநாளே செதுக்கப்பட்டது. நான் யார் என்று ஆலோசகருக்கு இருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

ஆனால் அது மறுநாள் கதை. அன்றைக்கு இயக்குநரின் கார் கிளம்பியதும் நூலகர் பூட்டோடு ஓடிவந்தார்.

"எழுந்திரும்மா. புத்தகத்தைக் குடு. உறை போடணும்."

"இன்னும் முடிக்கலையே சார்."

"அதான் படம் எடுத்தாச்சே!"

"படம் எடுக்கத்தான் நீங்க உக்கார வச்சீங்க. நான் படிக்க உக்காந்தேன்."

அவர் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்தார். நான் விடவில்லை. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த புகைப்படக்காரர் திரும்பி, கேமராவைக் கையில் எடுத்தார். நூலகர் பிடியைத் தளர்த்தி, பாராட்டுவதுபோல் அட்டையைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது பக்கத்தில் "சரக்" என்று ஒரு சத்தம். ஹெல்மெட் தன் கையில் இருந்த கணக்காளர் தேர்வுப் புத்தகத்தின் உறையைப் பல்லால் கிழித்திருந்தான்.

"கதவுதான் மூடாதுன்னாச்சே" என்றான். "சும்மா உக்காந்து என்ன பண்ண?"

பின்வரிசையில் இன்னொரு சரக். அப்புறம் இன்னொன்று. நூலகர் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா, "டிவியில உன்னைப் பாத்தேன். பெரிய மனுஷன் பேசறப்போ நிமிர்ந்து பாக்க மாட்டியாடி?" என்று திட்டினாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொடியிலிருந்து என் பாவாடையை உருவி, மறுநாளைக்கு என்று மடிப்பு வைத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அம்மா சம்மதம் சொல்கிற விதம் அது.

இயக்குநரின் வாக்கை மீறவும் முடியாது, மையத்தைப் பூட்டாமல் இருக்கவும் முடியாது. நூலகர் இருந்த ஒரே வழியைக் கண்டுபிடித்தார். நான் சீக்கிரம் முடிக்க வேண்டும். அதற்காக அவர் செய்யாத காரியம் இல்லை. எனக்கு நல்ல நாற்காலி போட்டார், நின்றுபோகாத மின்விசிறிக்குக் கீழே. டீ வரவழைத்தார். காவலாளியை வாசலில் நிறுத்தி என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமா படியேம்மா. இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிப் போயிடேன்."

"கணக்குப் போடாம தாண்டினா படிச்சு முடிச்சதா ஆகுமா சார்? கல்லுல போட்டிருக்கு."

அவர் மாடிக்கு ஓடினார். ஆலோசகரை இறக்கிக்கொண்டு வந்தார். ஆலோசகர் வேண்டாவெறுப்பாக என் கணக்கை எட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கணக்கில் பட்டம் வாங்கியவராம்.

"இதை இப்படிச் சுத்தி வளைச்சுப் போடக் கூடாதும்மா. இங்க பாரு, ஒரு கோடு இழுத்தா வேலை முடிஞ்சுது" என்று போட்டுக் காட்டினார். அதை நானே திருப்பிப் போட்டதும், "இந்த வேலையில சேர்ந்ததிலேருந்து என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதே இல்லம்மா" என்றார். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி எனக்கு அங்கேயே போய்விட்டது. மறுபாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி பரவியது. வேலை முடிந்து வருகிறவர்கள் வந்தார்கள். அம்மாவின் சலவை நிலையத்தில் இருந்து இரண்டு பெண்கள் கையில் கஞ்சி வாசனையோடு வந்தார்கள். ஆலோசகரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஒரு நாள் ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தது. அந்த மையத்தின் முதல் கிழிசல். நூலகர் பதறி எடுத்துக்கொண்டு போய் ஒட்டினார். ஒட்டுகிறபோது நான் பார்த்தேன், இரண்டு மூன்று வரி படித்தார். நெற்றி சுருங்கியது.

தேர்வுக்கு முந்தைய நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். நூலகர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். அவர் முகத்தில் இத்தனை நாள் காணாத சாந்தம்.

நான் அறையைப் பார்த்தேன். ஹெல்மெட் பாதிப் புத்தகத்தில் இருந்தான். சலவைப் பெண்களில் ஒருத்தி ஆலோசகரிடம் சதவீதம் கேட்டுக்கொண்டிருந்தாள். உட்கார இடமில்லாமல் சிலர் சுவரில் சாய்ந்து, பிரித்த புத்தகத்தோடு நின்றார்கள். நான் முடித்தால் இவ்வளவு பேரும் வெளியே போக வேண்டும். அப்புறம் ஐந்தாவது இயக்குநர் வந்து நாடா வெட்டும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் புத்தகத்தை மூடினேன்.

"மிச்சத்தை அப்புறம் படிக்கிறேன் சார்."

"ஒரே ஒரு பக்கம்தானேம்மா!"

"ஆமா சார். ஒரு பக்கம் இருக்கு."

தேர்வு எழுதினேன். தேர்வு நடத்துகிறவர்களும் இதே வகையறாதான். கேள்விகளை மாற்றும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை. ஆற்றின் அகலத்தைக் கேட்டிருந்தார்கள். எனக்கு இடம் கிடைத்தது. அத்தான் செருப்புக் கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டால் தன் மதிலை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நூலகர் நின்றிருந்தார். வியர்த்திருந்தார். கையில் மஞ்சள் புத்தகம். அந்த நூலகத்திலிருந்து ஒரு வாசகரின் வீடு தேடி ஒரு புத்தகம் வந்தது அதுதான் முதல் தடவை.

"படிச்சிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நேரம் இல்ல சார். காலேஜ்ல நிறைய வேலை."

"நீ படிக்க வேணாம். நானே வாசிச்சுக் காட்டறேன். கேட்டா போதும்." நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். போய் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தாள்.

நூலகரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா ரேடியோவைக் குறைத்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"புது இயக்குநர் வர்றாரும்மா. அஞ்சாவது திறப்பு விழா. கல்லு அடிச்சாச்சு, நாடா வாங்கியாச்சு. ஆனா உள்ள போனா காலு வைக்க இடமில்ல. பாதிப் புத்தகம் கசங்கிப்போச்சு. இந்த வருஷம் விருதும் கிடையாது. திறந்து கிடக்கிற கதவை அந்த மனுஷன் வந்து எப்படிம்மா திறந்து வைப்பாரு?"

முதல் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்ட அதே கேள்வி. இப்போது என்னிடம் பதில் இருந்தது.

"நாடாவைத் திருப்பிக் குடுத்துடுங்க சார். அவரை உள்ள வந்து உக்காந்து படிக்கச் சொல்லுங்க" என்றேன். "இடம் கிடைச்சா."